துவைக்காத சட்டை

ஜூன் 11

இடமாறுதல் உத்தரவு வந்துவிட்டது. சொந்த ஊர்க் காவல் நிலையம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மனைவி பேச்சிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்த பிறகு நானே எழுதிக் கேட்டு வாங்கிய மாறுதல். ஒரு குடம் தண்ணீர்கூட அவள் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மோப்ப நாய்ப் பிரிவில் ஒரு நாய்க்கு ஒரு ஆள். நாய் ஓய்வு பெறும்வரை ஆளை மாற்றுவதில்லை. ரேவாவுக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் இருக்கிறது. வெடிபொருள் கண்டுபிடிக்கும் லாப்ரடார். குட்டியாக வந்த நாள் முதல் என் கையில்தான் சாப்பிடுகிறாள்.

எஸ்.ஐ. குருசாமி, "குடும்பத்தைப் பாருங்க மாசானம். நாய் எங்கயும் போயிராது" என்றார்.

ரேவாவின் எடை, தீனி, குளியல், பயிற்சி எல்லாவற்றையும் தினமும் ஆபீஸ் பதிவேட்டில் எழுதி வந்தேன். இனி அந்த வேலை இல்லை. எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. மருந்துக் கடையில் பேச்சிக்குக் கொடுத்த இந்த டைரி வெறுமனே கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 14

ரேவாவைப் பொறுப்பேற்க வந்திருக்கும் காவலர் பெயர் ஜெபக்கனி. ஆயுதப்படையிலிருந்து வருகிறாள். வீட்டில் நாய் வளர்த்த பழக்கம் உண்டாம்.

"வீட்டு நாய் வேற, இது வேற" என்றேன்.

"தெரியும் ஏட்டையா. இது என்னைய விட சீனியர்" என்றாள்.

பேச்சுக்குக் குறைவில்லை. பார்க்கலாம்.

வெளியாள் நீட்டுகிற தீனியைத் தொடக் கூடாது என்பது எங்கள் நாய்களுக்குக் கொடுக்கிற முதல் பயிற்சிகளில் ஒன்று. யாராவது விஷம் வைத்துவிடக்கூடும். ஜெபக்கனி தட்டை வைத்துவிட்டு மூன்று முறை கட்டளை சொன்னாள். ரேவா தட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு முறை சொன்னதும் தட்டு காலி.

"எங்க மாமியாகூட இப்பிடித்தான்" என்றாள் ஜெபக்கனி. "நான் வச்ச சோத்தை மகன் சொன்னாத்தான் தொடுவாங்க."

ஜூன் 17

ஆள் மாறும்போது பழைய ஆள் போட்டுக் கழற்றிய சட்டையை நாயின் கூண்டில் போடுவது எங்கள் வழக்கம். தெரிந்த வாசனை பக்கத்தில் இருந்தால் நாய் பதறாது. புது ஆளின் சட்டையையும் அதன் பக்கத்தில் போட வேண்டும். பழகிய பின் பழைய சட்டையை எடுத்துவிட வேண்டும். என் காக்கிச் சட்டையை இன்று போட்டேன். ரேவா அதை மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் தலை வைத்துப் படுத்தாள். ஜெபக்கனியின் சட்டை வாசல் பக்கமே கிடந்தது.

ஜூன் 22

இன்று ஜெபக்கனியின் கையில் சாப்பிட்டாள். நல்லது.

ஜூன் 23

இன்றும். நான் அறைக்குள் இருந்தது தெரிந்தும்.

ஜூன் 26

பிரிவில் கடைசி நாள். காலையில் ரேவாவை நடக்க விட்டேன். பிரஷ் போட்டுச் சீவும்போது காது மடலுக்குள் ஒரு உண்ணி இருந்தது. பிடுங்கி நசுக்கிப் போட்டேன். மைதானத்துச் சுவருக்கு அந்தப்புறம் தெரு நாய்கள் படுக்கின்றன. வெயில் காலத்தில் இப்படி ஒன்றிரண்டு ஏறும்.

ஜெபக்கனி பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உண்ணி மருந்துக் குளியல் இந்த வாரம்னு போட்டிருக்கே ஏட்டையா. நாளைக்குக் குளிப்பாட்டிரட்டா?"

"தேரோட்டம் முடியட்டும்" என்றேன். "மருந்து வாடை மேல அடிச்சுக்கிட்டே இருக்கும். மூக்கு மந்தமாயிரும். பெரிய பந்தோபஸ்துக்கு முன்னாடி நான் எப்பவும் குளிப்பாட்டுறதில்ல."

"அப்ப உங்க சட்டை? இவதான் பழகிட்டாளே. எடுத்திரட்டா?"

"கெடக்கட்டும். துவைக்கவும் செய்யாத."

கிளம்பும்போது ரேவா கம்பிக்குப் பின்னால் நின்று வாலாட்டினாள். மற்ற நாள் மாதிரிதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

ஜூலை 1

புது நிலையத்தில் பாரா காவல், மனு விசாரணை, வாய்க்கால் தகராறு. பேச்சிக்கு நான் வீட்டில் இருப்பதில் சந்தோஷம்தான். ஆனால் காலையில் எழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன் என்று கேலி செய்கிறாள். "கூட்டிட்டுப் போக நாய் இல்லைன்னா என்னையக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

கூட்டிக்கொண்டு போனேன். மெதுவாக நடந்தோம்.

ஜூலை 4

ஜெபக்கனி போன் செய்தாள். "ஏட்டையா, ரேவா நேத்துலேருந்து சாப்பிட மாட்டேங்கா."

என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். வழக்கமான தீனிதான். கோழி வேகவைத்துக் கொடுத்தும் தொடவில்லை. என் சட்டைமேலேயே படுத்துக் கிடக்கிறாள். பிரிவில் எல்லாரும் "மாசானத்தைத் தேடுது" என்கிறார்களாம். எஸ்.ஐ.யும் அதையேதான் சொன்னாராம்.

போனை ரேவாவின் காதுப் பக்கம் வைக்கச் சொன்னேன். "ரேவா" என்றேன்.

"வாலை அசைக்கா ஏட்டையா" என்றாள் ஜெபக்கனி.

பேச்சியிடம் சொன்னேன். "இத்தன வருஷத்துல நான் ஊருக்குப் போனா நீங்க ஒரு வேளை சோத்தை வேண்டாம்னிருக்கீங்களா?" என்று கேட்டாள். நிலையத்தில் சொன்னபோது ரைட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர்களிடம்கூட இல்லாத பாசம் என்றார். எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜூலை 5

காலையில் ஜெபக்கனி. "மூத்திரம் ஒரு மாதிரி கறுப்பா போகுது ஏட்டையா. கடுங்காப்பி நிறம். டாக்டர்கிட்ட கொண்டு போகட்டா?"

"தண்ணி சரியா குடிக்காம இருந்தா அப்பிடித்தான் போகும். சூடு. மோர் குடு" என்றேன்.

"உடம்பும் சுடுது."

"கூண்டு தகரக் கூரைல்லா. சாக்கை நனைச்சுப் போடு. நாளைக்கு நானே வருதேன். என்னையப் பாத்தா எல்லாம் சரியாயிரும்."

"சரி ஏட்டையா" என்றாள்.

ஜூலை 6

பஸ் பிடித்துப் போனேன். ஆட்டு ஈரல் வாங்கி வேகவைத்து எடுத்துக்கொண்டேன். பாதி வழியிலேயே பொட்டலத்தில் சாறு கசிந்துவிட்டது.

கேட்டில் என் குரல் கேட்டதும் ரேவா எழுந்தாள். எழுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. என் கையை நக்கினாள். ஈரலில் இரண்டு துண்டு தின்றாள். பிரிவில் இருந்த எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

"பாத்தியா?" என்றேன் ஜெபக்கனியிடம்.

"பாத்தேன் ஏட்டையா" என்றாள். "மிச்சத்தையும் குடுங்க."

மிச்சத்தை ரேவா முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். வயிறு நிறைந்திருக்கும். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தேன். ஈறு வெளுத்தாற்போல் இருந்தது. பட்டினி கிடந்தால் வெளுக்கும். நாளை மறுநாள் தேரோட்டம். ஓய்வு கொடுக்கலாமா என்று எஸ்.ஐ. என்னைத்தான் கேட்டார். வேறு நாய் இல்லை, டைசன் திருட்டு வழக்கு நாய். "வேலைன்னு வந்துட்டா ரேவா நிமிந்திருவா ஐயா" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

மேலே உள்ள வரியை அடிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். (ஜூலை 14)

ஜூலை 8

தேரோட்டம். பல நிலையங்களிலிருந்து ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வடக்கு ரத வீதியில் கயிறு கட்டிய இடத்தில் டூட்டி. தேர் இழுப்பதற்கு முன்னால் சக்கரங்களையும் அடித்தட்டையும் ரேவா முகர்ந்து பார்க்க வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து தேர் தெரிந்தது.

எங்கள் நாய்கள் வெடிபொருள் வாடை கண்டால் குரைக்காது, பிறாண்டாது. அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் வெடிகுண்டு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

ஜெபக்கனி வாரைப் பிடித்துக்கொண்டு முன் சக்கரத்தைச் சுற்றி வந்தாள். இரண்டாம் சக்கரத்தின் பக்கத்தில் ரேவா உட்கார்ந்தாள்.

நொடியில் விசில். வடம் பிடிக்க நின்றவர்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளினோம். ஜனங்கள் ஓடினார்கள். செருப்புகள் வீதி முழுக்கக் கிடந்தன. ஒரு அம்மாள் தேங்காய்த் தட்டைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வெடிகுண்டு நிபுணர்கள் சக்கரத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி நாயைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்கடி நடந்து ரேவா மறுபடி உட்கார்ந்தாள். அங்கே வெறும் தரைதான் இருந்தது.

ரேவா உட்கார்வது எப்படி என்று எனக்குத் தெரியும். காது முன்னால் வரும், கண் ஆளைப் பார்க்கும். இன்று தலை தொங்கிக் கிடந்தது. முதல் முறை உட்கார்ந்தபோதே அதைப் பார்த்தேன். பார்த்தும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காற்று என் பக்கமிருந்து அடித்தது. என் வாடை தெரிந்து, வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் முறை அவள் உட்காரவில்லை. சாய்ந்தாள். ஜெபக்கனி வாரைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். முப்பது கிலோ இருக்கும்.

ஜூலை 9

நேற்று வீதியிலிருந்து நேராகக் கால்நடை மருத்துவமனை, நானும் பின்னாலேயே போனேன். டாக்டர் ஷகிலா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கண்ணின் வெள்ளையைப் பார்த்தார், மஞ்சளாக இருந்தது. காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டார். பிறகு என்னை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

ரத்தச் சிவப்பணுக்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. சிலவற்றின் உள்ளே ஊதா நிறத்தில், பேரிக்காய் வடிவத்தில், ஜோடி ஜோடியாக ஏதோ இருந்தது.

"உண்ணிக் காய்ச்சல்" என்றார் டாக்டர். "உண்ணி கடிக்கிறப்ப இந்த ஒட்டுண்ணி ரத்தத்துக்குள்ள போயிடும். அணுவுக்குள்ள பெருகி அதை உடைச்சுட்டு அடுத்ததுக்குப் போகும். உடைஞ்ச ரத்தந்தான் மூத்திரத்துல கறுப்பா வருது. எத்தனை நாளா சாப்பிடலை?"

ஜெபக்கனி சொன்னாள். மூத்திரம் கறுத்தது எப்போது என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

"அன்னைக்கே ஏன் கொண்டுவரலை?"

ஜெபக்கனி தரையைப் பார்த்தாள். நான் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏக்கம்னு நெனச்சிட்டாங்க டாக்டர்" என்று எஸ்.ஐ.தான் பதில் சொன்னார்.

"ஏக்கத்துக்கு ஈறு வெளுக்காது" என்றார் டாக்டர். தொடையில் ஊசி போட்டார். ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்று டைசனைக் கொண்டுவரச் சொல்லி, அதற்கு நோய் இல்லை என்று சோதித்துவிட்டு, அதன் ரத்தத்தை ஏற்றினார்.

ஜூலை 10

இரண்டு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். பேச்சிதான் போகச் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

காலையில் ரேவாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஜெபக்கனி கஞ்சியில் கோழியைப் பிய்த்துப் போட்டுக் கையில் வைத்து நீட்டினாள். நான் கதவருகே நின்றேன். ரேவா தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஜெபக்கனியின் கையிலிருந்து தின்றாள். ஒவ்வொரு வாயாக, நிதானமாக, கிண்ணம் முடியும்வரை தின்றாள். விரல் இடுக்கையும் நக்கினாள். என் பக்கம் மறுபடி திரும்பவில்லை.

"சாப்பிட்டுட்டா ஏட்டையா!" என்றாள் ஜெபக்கனி. அழுதுகொண்டே சிரித்தாள்.

என்னை எண்ணி ரேவா ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. நோயால் கிடந்தாள். நான் போவதற்கு முன்பே அந்தக் கையில் சாப்பிடப் பழகியிருந்தாள். அது எனக்குத் தெரியும். இந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன்.

ஜூலை 11

சிறுநீரகம் வேலை செய்யவில்லை. காலை பத்து மணிக்கு மேல் ரேவா இறந்துபோனாள்.

ஜூலை 12

பிரிவு வளாகத்தில், வேப்பமரத்தின் அடியில் குழி வெட்டினார்கள். மரியாதை அணிவகுப்பு. மேலதிகாரி மலர்வளையம் வைத்தார், அடுத்து என்னை வைக்கச் சொன்னார்கள். ஜெபக்கனியை யாரும் கூப்பிடவில்லை. அவள் பின் வரிசையில் நின்றாள்.

ரேவாவுடன் என் சட்டையையும் வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். நல்ல யோசனை என்றார்கள். கூண்டிலிருந்து அதை எடுத்துவரப் போனேன். உதறினேன். காலர் மடிப்பிலிருந்தும் பை ஓரத்திலிருந்தும் உண்ணிகள் உதிர்ந்தன. எள் அளவில் சில, மிளகு அளவில் சில. சுவர் விரிசலை நோக்கி ஊர்ந்து போயின. ஜெபக்கனி வந்து சட்டையை என் கையிலிருந்து வாங்கி, கொதிக்கிற தண்ணீர் வாளியில் போட்டு மூடினாள். தன் சட்டையை எடுத்துப் போய்க் குழியில் வைத்தாள்.

செய்தியாளர் ஒருவர் வந்திருந்தார். நான் போன பிறகு நாய் சாப்பிடாமல் கிடந்ததை எல்லாரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"பிரிவைத் தாங்கலை, இல்லையா அண்ணாச்சி?"

"உண்ணிக் காய்ச்சல்ல செத்துச்சு" என்றேன். "மருந்துக் குளியலைத் தள்ளிப் போடச் சொன்னது நான். டாக்டர்கிட்ட கொண்டு போகட்டான்னு அந்தப் பொண்ணு கேட்டா. மோர் குடுன்னு சொன்னதும் நான்தான்."

அவர் குறித்துக்கொள்ளவில்லை. என் தோளைத் தொட்டார். "துக்கத்துல இருக்கீங்க. உங்களையே ஏன் குத்தம் சொல்லிக்கிடுதீங்க. நோயையும் கடைசிப் பாராவுல சேத்திருதேன்."

ஜூலை 13

செய்தி வந்திருக்கிறது. "எஜமானரைப் பிரிந்த ஏக்கத்தில் உயிர்விட்ட மோப்ப நாய்." என் படம் பெரிதாக. கடைசிப் பாராவில் நோய் இல்லை, மலர்வளையம் வைத்தவர்களின் பெயர்கள்தான் இருக்கின்றன.

நிலையத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 14

எஸ்.ஐ. குருசாமியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. ஜெபக்கனியை ஆயுதப்படைக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்கள். நாய் அவளிடம் ஒட்டவில்லை என்பது காரணம். அடுத்த மாதம் வரவிருக்கும் குட்டியை வேறு ஆளிடம் கொடுப்பார்களாம்.

பஸ் ஏறிப் போனேன். எஸ்.ஐ. சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கை கழுவும்வரை காத்திருந்தேன்.

"ஐயா, நாய் அவகிட்ட ஒட்டுச்சு. நான் போறதுக்கு முன்னாலயே ஒட்டிருச்சு. அவ கையில தின்னதை நான் பாத்தேன். எனக்குத்தான் பொறுக்கலை."

அவர் துண்டால் கையைத் துடைத்தார்.

"மூத்திரம் கறுத்த அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்னு எங்கிட்ட கேட்டா. நான் சொன்னதுக்குக் கட்டுப்பட்டா, அதான் அவ செஞ்ச தப்பு. தேருக்கு அனுப்பலாம்னு உங்ககிட்ட சொன்னதும் நான். குட்டியை அவகிட்டயே குடுங்க."

"பேப்பர்ல வந்ததை இப்ப மாத்தச் சொல்லுதீரா?"

"பேப்பர் கெடக்கட்டும். அவ பேரு கெடக் கூடாது."

டாக்டரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தார். "எழுதித் தாரும்" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். என்மேல் விசாரணை வரலாம் என்றார். வரட்டும்.

வெளியே ஜெபக்கனி கூண்டின் சுவரைத் தீப்பந்தத்தால் சுட்டுக்கொண்டிருந்தாள். விரிசலுக்குள் பொட்டுப் பொட்டென்று சத்தம் கேட்டது. முடிக்கும்வரை நின்றேன். அவள் திரும்பவில்லை.

ஜூலை 29

விசாரணை முடிந்து என்னை வாய்மொழி எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பேச்சி இன்று அரைக் குடம் தூக்கினாள். சத்தம் போட்டேன்.

செப்டம்பர் 6

ஜெபக்கனி போன் செய்தாள். ஜூலைக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

"ஏட்டையா, குட்டி நேத்து ராத்திரி சாப்பிடலை."

எழுந்துவிட்டேன். "டாக்டர்கிட்ட கொண்டு போம்மா. இப்பவே கொண்டு போ."

"கொண்டு போயிட்டு வந்துதான் பேசுதேன். ரத்தம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. எஸ்.ஐ. ஐயாவோட செருப்பைத் தின்னுருக்கு."

சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

"உங்க சட்டை இங்கனதான் கெடக்கு ஏட்டையா. துவைச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். வந்தா எடுத்துக்கிடுங்க."

வருகிறேன் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.